உதட்டில் இட்ட சிலுவை

"நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. நாங்கள் ஏழாம் வகுப்பில் படித்தபோது, இப்பழமொழியை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுமாறு தேர்வில் கேட்டிருந்தார்கள். நாங்களும் எழுதினோம். எங்களில் பலர் பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது இந்த ஆண்டில்தான். மதிப்பெண் பெற்றது ஒரு நாள். பாடம் கற்றது வேறொரு நாள். அந்தப் பாடத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

அன்புத் தோழியரே! திருப்பலியில் நற்செய்தி வாசகம் தொடங்குமுன் நாம் என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? பெருவிரலால் நெற்றியில் ஒரு சிறு சிலுவை, உதட்டில் ஒன்று, நெஞ்சில் ஒன்று வரைகிறோம். இறைவார்த்தையை அறிவால் உணர்ந்து, வாயால் அறிக்கையிட்டு, உள்ளத்தில் காப்போம் என்பது அதன் பொருள். சிறு வயது முதல் கை பழகிவிட்டதால், நாம் அதை எண்ணாமலே செய்துவிடுகிறோம். அதே திருப்பலியின் தொடக்கத்தில் பாவங்களை ஏற்று அறிக்கையிடும்போது சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறுதல் என்று நான்கு வாயில்களைச் சொல்லுகிறோம். இவற்றுள் செயலால் செய்த பாவம் நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. சொல்லால் செய்தது வருவதில்லை. "சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னோம்!" என்று அதை நாமே மன்னித்துக்கொள்கிறோம்.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறோம்.

அக்டோபர் மாதத்தில் இறுதிக்கு முந்திய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு என்பது யாவரும் அறிந்ததே. 1926-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஏற்படுத்திய நாள் அது. அதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் காணிக்கை சேர்ப்பது வழக்கம். எங்கள் வகுப்பில் 640 ரூபாய் சேர்ந்தது. பழுப்பு நிற உறையில் போட்டு, வகுப்புத் தலைவியின் மேசைக்குள் வைத்திருந்தோம். வியாழக்கிழமை மாலை விளையாட்டு வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோது உறையைக் காணவில்லை.

அன்று வயிற்றுவலி என்று ஒருத்தி மட்டும் விளையாட வராமல் வகுப்பில் இருந்தாள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

"அவள்தான் எடுத்தாள்" என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. இதை ஆணையிட்டே சொல்ல முடியும். ஒருத்தி, "அவள் மட்டுந்தானே வகுப்பில் இருந்தாள்" என்றாள். அது உண்மை. இன்னொருத்தி, "அவளுடைய அப்பாவுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லையாம்" என்றாள். அதுவும் உண்மை. மற்றொருத்தி, "போன வாரம் புதிய ஜாமெட்ரி பாக்ஸ் வைத்திருந்தாளே" என்றாள். அதுவும் உண்மையே. மூன்று உண்மைகள் சேர்ந்து ஒரு பொய் ஆயின. இடைவேளை மணி அடித்து முடிவதற்குள் அது ஒன்பதாம் வகுப்பைச் சென்றடைந்தது. அங்கே அது வளர்ந்து, ஆறாம் வகுப்புக்குப் போனபோது "பணம் எடுத்த அக்கா" என்று ஆகிவிட்டிருந்தது. அந்த ஆறாம் வகுப்பில் அவளுடைய தங்கை படிக்கிறாள்.

அடுத்த வாரம் உறை அகப்பட்டது. திருத்துவதற்காக ஆசிரியர் அறைக்குச் சென்ற கணக்கு நோட்டுகளின் கட்டுக்குள், இரண்டு நோட்டுகளுக்கு நடுவில் அது இருந்தது. மேசையிலிருந்து நோட்டுகளை அள்ளிக் கட்டியபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். 640 ரூபாயும் குறையாமல் இருந்தது. ஆனால் குறைந்துபோன வேறொன்றை அன்று எங்களில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வந்தாள். அவளுடைய பாட்டி இறந்து போனதால் ஊருக்குச் சென்றிருந்தாளாம். நண்பகல் உணவு வேளையில் அவள் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை. வெறுப்பினால் அல்ல, எந்த முகத்தோடு உட்காருவது என்று தெரியவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்து, எங்கள் அனைவரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் எடுத்தேன்னு சொன்னது யாரு?"

எங்களால் விடை கூற முடியவில்லை. ஏனெனில் யாருமே சொல்லவில்லை. ஆயினும் எல்லாருமே சொல்லியிருந்தோம்.

பொய்ச் சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளையை மனப்பாடமாக அறிந்தவர்கள் நாம். பொய் சொல்லாதிருந்தால் அக்கட்டளையைக் காத்துவிட்டோம் என்று எண்ணியிருந்தோம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு விளக்கியபோதுதான் தெளிவு பிறந்தது. 1992-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2477-ஆம் எண்ணில் பிறருடைய நற்பெயருக்கு எதிரான மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரிடம் குற்றம் இருப்பதாக மனத்துக்குள்ளேயே முடிவு கட்டுவது ஒன்று. உள்ள குறையையே ஆனாலும், தக்க காரணமின்றி, அதை அறியாதவர்களிடம் போய்ச் சொல்வது இன்னொன்று. இல்லாததைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதை மட்டுமே பாவம் என்று நினைத்திருந்தோம். முதல் இரண்டையும் "செய்தி" என்று நினைத்திருந்தோம்!

உண்மையைக் கொண்டும் ஒருவரைக் கல்லால் அடிக்கலாம். பாவத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் இழுத்து வந்தவர்கள் பொய் சொன்னதாக யோவான் எழுதவில்லை. அவர்கள் சொன்னது நடந்ததுதான். ஆனால் அந்த உண்மையைக் கையில் கல்லாக வைத்திருந்தார்கள். நம் ஆண்டவரோ உடனே வாய் திறக்கவில்லை. குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான் நிமிர்ந்து ஒரு வாக்கியம் கூறினார், மீண்டும் குனிந்துகொண்டார். கூட்டம் கலைந்த பின்னரே அப்பெண்ணிடம் பேசினார். சொல்வதற்கு முன் சற்றே குனிந்து கொள்ளுதல்! அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு இருந்திருக்குமானால், எங்கள் தோழியின் பெயர் தப்பியிருக்கும்.

யாக்கோபு தம் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் நாவைக் குதிரையின் கடிவாளத்துக்கும், கப்பலின் சுக்கானுக்கும், பெருங்காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்புக்கும் ஒப்பிடுகிறார். ஒரே வாயால் இறைவனைப் போற்றுவதும் மனிதரைத் தூற்றுவதும் தகுமோ என்று வருந்துகிறார். காலை வழிபாட்டில் பாடிய வாய், பத்தரை மணி இடைவேளையில் என்ன பேசுகிறது? நற்கருணையை ஏற்ற நா, அன்று மாலையே எதைச் சுவைக்கிறது? இதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம்.

நம் குடும்பங்களில் பலர் செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்கிறார்கள். அவர் 1231-ஆம் ஆண்டு இறந்தார். 1263-இல் அவருடைய கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நா மட்டும் அழியாமல் இருந்ததாகத் திருச்சபை வரலாறு கூறுகிறது. அன்று அதைக் கண்டவர் புனித பொனவெந்தூர். இன்றும் இத்தாலியின் பதுவை நகர்ப் பேராலயத்தில் அந்த நா காக்கப்பட்டு வருகிறது. காணாமற்போன பொருளைத் தேடித் தரும்படி நாம் அந்தோனியாரைக் கேட்கிறோம். அன்று நாங்களும் அந்த 640 ரூபாய்க்காக அவரிடம் வேண்டினோம். வேண்டிக்கொண்டிருந்த அதே வேளையில்தான் ஒருத்தியின் நற்பெயரைத் தொலைத்துக்கொண்டிருந்தோம். என்ன முரண்பாடு!

சொல்லைத் தேர்ந்து பேசுவது நம் மொழிக்கும் மறைக்கும் புதிதன்று. திருக்குறளில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை, சொல்வன்மை என்று ஐந்து அதிகாரங்கள் சொல்லைப் பற்றியே பேசுகின்றன. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவர், இந்த ஐந்தையும் பெயர்த்தவரே. 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர், நம் தமிழ்ச் சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்து 1732-இல் சதுரகராதி தந்தார். அவருக்கு முன்பே அன்றிக்கு அடிகளார் தமிழில் மறைநூலை ஆக்கி, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்று அச்சேற்றினார். கடவுளைப் பற்றிப் பேச எந்தச் சொல் தகும் என்று கடல் கடந்து வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். பிறந்த நாள் முதல் தமிழ் பேசும் நாமோ, அருகில் அமர்ந்திருப்பவளைக் குறிக்க ஒரு நல்ல சொல்லைத் தேடுவதில்லை. நிறத்தைச் சொல்லி ஒரு பட்டப்பெயர், உடம்பைச் சொல்லி ஒன்று, மதிப்பெண்ணைச் சொல்லி ஒன்று. "நீ எந்தத் தெரு?" என்று கேட்டு, விடையைக் கேட்டதும் குரல் மாறுகிறதே, அதுவும் ஒரு சொல்தான்.

இங்கே சிலர், "அப்படியானால் குற்றத்தைக் கண்டாலும் வாய்மூடி இருக்க வேண்டுமா? இனிக்க இனிக்கப் பேசுவதுதான் கிறிஸ்தவமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அப்படிச் சொல்லவில்லை. நம் ஆண்டவர் கடுமையாகவும் பேசியிருக்கிறார். ஏரோது அரசனை நரி என்றே அழைத்தார். ஆனால் அதையும் போய் அவனிடம் சொல்லச் சொல்லியே அனுப்பினார். அவன் காதுக்குப் போகாதபடி மறைவில் முணுமுணுக்கவில்லை. கடுஞ்சொல் வேறு, புறஞ்சொல் வேறு.

மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதற்கு ஒரு வரிசையே கற்பித்திருக்கிறார். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடம் பேச வேண்டும். கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கும் கேளாவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020 செப்டம்பர் 6 அன்று இப்பகுதியை விளக்கியபோது, புறணி பேசுவது கொரோனாவை விடக் கொடிய கொள்ளைநோய் என்னும் பொருள்படக் கூறினார். கொரோனாக் காலத்தில் வாயை மூடத் துணி கட்டிக்கொண்ட நமக்கு இது நன்றாகவே விளங்க வேண்டும். நாங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கினோம். முதலில் பள்ளி முழுவதற்கும் சொன்னோம். பின்பு இரண்டிரண்டு பேராகக் கூடிப் பேசினோம். அவளிடம் மட்டும் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உறையைப் பார்த்தாயா?" என்று ஒருத்தி அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால், பாட்டியின் இறப்பையும் அறிந்திருப்போம், துக்கமும் விசாரித்திருப்போம்.

பேசியவர்கள் மட்டுமே குற்றவாளிகளும் அல்லர். "அவள் அப்படிப்பட்டவள் இல்லை" என்று உள்ளத்தில் அறிந்திருந்த நால்வர் வகுப்பில் இருந்தனர். அவர்களும் வாய் திறக்கவில்லை. கடமையில் தவறுதல் என்று நாம் அறிக்கையிடுவது இதைத்தானே! எனவே, சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பது குறைவாகப் பேசுவது மட்டுமன்று. பேச வேண்டிய இடத்தில் பேசுவதும் ஆகும்.

இனி, எங்களுக்கு மிகக் கடினமாயிருந்த பகுதிக்கு வருகிறோம். முதல் வெள்ளியன்று பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பென்சிலைத் திருடினால் மன்னிப்புக் கேட்டால் போதுமா? பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" மறைக்கல்வி நூலின் 2487-ஆம் எண் இதையே கற்பிக்கிறது. பிறர் பெயருக்குக் கேடு செய்தவர், குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும், அக்கேட்டை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். எவர் முன் எடுத்தோமோ அவர் முன் வைக்க வேண்டும்.

அவ்வாறே செய்யத் துணிந்தோம். முதலில் அவளிடம் போனோம். பின்பு இடைவேளையில் ஐந்து பேர் ஒன்பதாம் வகுப்பின் வாசலிலும் ஆறாம் வகுப்பின் வாசலிலும் நின்று, "பணம் எங்கள் கவனக்குறைவால் நோட்டுக் கட்டில் போய்விட்டது. அவள் எடுக்கவில்லை. அவளைப் பற்றிப் பேசியது நாங்கள். அது தவறு" என்று சொன்னோம். கால் நடுங்கியது. சிறுமிகள் சிலர் சிரித்தார்கள். சொல்ல எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம். அதற்குத் துணிவு பெற எடுத்துக்கொண்டது நான்கு நாள். அந்தப் புறணியைப் பரப்ப எங்களுக்கு நான்கு நிமிடங்கூடத் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் திருப்ப முடிந்ததா? இல்லை. ஒருத்தி தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார். இன்னொரு வீட்டில் அது கைப்பேசியில் ஏறி, உறவினர் சிலரின் கைகளுக்குப் போயிருந்தது. 1515 முதல் 1595 வரை வாழ்ந்த புனித பிலிப்பு நேரியைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. புறங்கூறிய ஒரு பெண்ணை, உரோமை நகரத் தெருவில் கோழி இறகுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வரச் சொன்னாராம். வந்து நின்றதும், போய் அத்தனை இறகுகளையும் பொறுக்கி வரச் சொன்னாராம். நம் பாட்டிமார் நெல்லைச் சொன்னார்கள்; அவர் இறகைச் சொன்னார். நாங்கள் இரண்டு வகுப்பு வாசலில் இறகு பொறுக்கினோம். மற்றவை இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன.

ஆயினும் பொறுக்குவது வீண் அன்று என்பதே எங்கள் கருத்து. பேதுரு தலைமைக் குருவின் முற்றத்தில், கரிநெருப்பின் அருகில் நின்று, ஆண்டவரை அறியேன் என்று மூன்று முறை வாயால் மறுத்தார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு மூட்டி வைத்திருந்தார். அங்கே உணவருந்திய பின், தம்மை அன்பு செய்கிறாயா என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறை வாயால் கெடுத்ததை மூன்று முறை வாயாலேயே சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தார். அழுததோடு போகட்டும் என்று விடவில்லை, சொல்ல வைத்தார். கெடுத்த நாவே கட்டியெழுப்பவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்புள்ள பெற்றோரே! உங்களிடமும் பணிவுடன் ஒரு விண்ணப்பம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணோடு எங்களை ஒப்பிட்டு நீங்கள் கோபத்தில் சொல்லும் சொல்லை, மறுநாள் நீங்கள் மறந்துவிடுகிறீர்கள். நாங்கள் அதைப் புத்தகப்பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு வருகிறோம். இங்கே எங்களைவிட எளியவள் ஒருத்தியிடம் அதை இறக்கி வைக்கிறோம். வீட்டில் கேட்ட சொல்தான் வகுப்பில் விலைபோகிறது.

தோழியரே! திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 மே 12 அன்று செய்தியாளர்களைச் சந்தித்தபோது, சொற்களிலிருந்து ஆயுதங்களைக் களைந்தால் உலகிலிருந்தும் அவற்றைக் களைய உதவுவோம் என்னும் கருத்தை வலியுறுத்தினார். உலகத்தைத் திருத்தும் வலிமை பதினைந்து வயதுப் பெண்களாகிய நமக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் ஓர் இடைவேளையைத் திருத்தும் வலிமை உண்டு. ஒருத்தியைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போது, "அவள் இப்போது இங்கே நின்றால், இதே சொல்லை இதே குரலில் சொல்வோமா?" என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். சொல்வோம் என்றால், அவளிடமே போய்ச் சொல்வோம். சொல்ல மாட்டோம் என்றால், வேறு எவரிடமும் சொல்லாதிருப்போம்.

இக்கட்டுரையை எழுதுமுன் எங்கள் தோழியிடம் அனுமதி கேட்டோம். தன் பெயர் வேண்டாம் என்றாள். "ஆனால் நடந்ததைக் குறைத்து எழுதாதீங்க" என்றும் சொன்னாள். இப்போது எங்களோடு அமர்ந்துதான் உண்கிறாள். அவளுடைய தங்கை மட்டும் எங்களைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது அவளுடைய உரிமை. காத்திருப்பது எங்கள் கடமை.

அடுத்த ஞாயிறு நற்செய்திக்கு எழுந்து நிற்கும்போது, உதட்டில் இடும் அந்தச் சிறு சிலுவையைச் சற்று அழுத்தி இடுவோம். அது திங்கட்கிழமை காலையிலும் அங்கேயே இருக்கிறது என்பதை மறவாதிருப்போம். நம் நாவைக் காக்க இறைவன் அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி